பழைய லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு போகிறதா? பணத்தை எடுப்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்

ஏழு வருடம் ஓடிய என் லேப்டாப்பில் ஒரு நாள் திடீரென்று ஸ்க்ரீன் முழுக்கச் செங்குத்துக் கோடுகள் வந்தன. அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தது. அடுத்த மூன்று மாதங்களில் புது ஸ்க்ரீன் மாற்றினேன். அதற்குத் தேவையே இருந்திருக்கவில்லை. பிறகு ஒரு சர்வீஸ் கடையில் சிப்பைச் சூடுபடுத்தித் தந்தார்கள். நாற்பது நாளில் கோடுகள் திரும்பி வந்தன. கடைசியில் காசே செலவில்லாத ஒரு மாற்றத்தைச் செய்த பிறகுதான் அந்த லேப்டாப் நிம்மதியாக ஓடியது. அதை முதல் வாரமே செய்திருக்கலாம். எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கார்டு என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலான லேப்டாப்களில் கழற்றி மாட்டக்கூடிய கார்டு எதுவும் கிடையாது. மதர்போர்டிலேயே சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்) வைத்து ஒட்டப்பட்ட ஒரு சிப்தான் இருக்கும். டெஸ்க்டாப்பில் செய்வதுபோல் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்ட முடியாது. கீழே சொல்லும் எல்லாமே இதை வைத்துத்தான்.

1. எதையும் தொடுவதற்கு முன் பேக்கப்

ஸ்க்ரீனில் ஏதோ தெரிகிறது என்கிற நாட்களிலேயே இதை முடித்துவிடுங்கள். அரை நாள் போதும். இன்று கோடாகத் தெரிவது நாளை முழு இருட்டாகலாம்.

கோப்புகளை எடுப்பதோடு இன்னொன்றும் முக்கியம். விண்டோஸ் லேப்டாப் என்றால், டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் ஆன் செய்திருக்காவிட்டாலும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு லாகின் செய்த பல மாடல்களில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) சில அமைப்புகளை மாற்றினாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது. அந்தக் குறியீடு பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். தேடி எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால் பயனில்லை.

ஸ்க்ரீன் ஏற்கெனவே இருண்டுவிட்டதா? ஹெச்டிஎம்ஐ கேபிளில் ஒரு டிவியை மாட்டிப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் படிக்கலாம். சில மெல்லிய லேப்டாப்களில் டிஸ்க்கும் போர்டிலேயே சால்டர் ஆகி இருக்கும். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் பேக்கப்பை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

2. வீடியோ எடுங்கள், குறிப்பு எழுதுங்கள்

கடைக்குக் கொண்டுபோகும் அன்று லேப்டாப் ஒழுங்காக ஓடும். இது எனக்கு இரண்டு முறை நடந்தது. அதனால் கோளாறு தெரியும்போதே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். கூடவே தேதி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.

இந்த நேரக் குறிப்பு வெறும் சம்பிரதாயம் இல்லை. காலையில் குளிர்ந்த நிலையில் ஆன் செய்யும்போது கோளாறு வந்து, கொஞ்சம் சூடானதும் மறைகிறது என்றால் சிப்பின் இணைப்புகளில் எங்கோ விரிசல் இருக்கச் சாத்தியம் அதிகம். முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடேறிய பிறகுதான் வருகிறது என்றால் ஃபேன், தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பசை) ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். முன்னதற்குச் செலவு அதிகம், பின்னதற்கு மிகக் குறைவு.

3. குற்றவாளி சிப்தானா என்று உறுதி செய்யுங்கள்

எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். ஸ்க்ரீனில் கோடு வந்தால் அதற்கு ஐந்து காரணங்கள் இருக்கலாம்: ஸ்க்ரீன் பேனல், அதற்குப் போகும் கேபிள், ராம், டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்), கடைசியாக கிராபிக்ஸ் சிப். ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை போதும், செலவு இல்லை.

முதலில் மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசைவுக்கு ஏற்பக் கோடு வந்து வந்து மறைந்தால் கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள்தான் பிரச்சினை. கேபிள் மாற்றுவது சின்ன வேலை.

அடுத்தது வெளி மானிட்டர். ஹெச்டிஎம்ஐயில் மாட்டி, விண்டோஸ் கீயும் பி (P) கீயும் சேர்த்து அழுத்தி இரண்டு திரையிலும் படம் வரச் செய்யுங்கள். லேப்டாப் திரையில் மட்டும் கோடு இருந்தால் பேனல் அல்லது கேபிள். இரண்டிலும் இருந்தால் சிப் அல்லது டிரைவர். எல்லா இடத்திலும் இப்படித்தான் சொல்வார்கள். நானும் இதை நம்பித்தான் ஸ்க்ரீனை மாற்றினேன். என் லேப்டாப்பில் கோடு எப்போதாவதுதான் வந்தது. மானிட்டரை மாட்டிய பத்து நிமிடத்தில் அது வரவே இல்லை. எனவே கோளாறு கண் முன் இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதன் முடிவைக் கணக்கில் எடுக்காதீர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு கிராபிக்ஸ் (பிராசஸருக்குள்ளேயே ஒன்று, தனி சிப்பாக இன்னொன்று) உள்ள சில லேப்டாப்களில் ஹெச்டிஎம்ஐ துளை நேராகத் தனி சிப்போடு இணைந்திருக்கும், உள் திரை பிராசஸரில் இருக்கும் கிராபிக்ஸோடு இணைந்திருக்கும். அப்படிப்பட்டதில் தனி சிப் கெட்டால் வெளித் திரையில் மட்டும் கோளாறு தெரியலாம்.

ஸ்க்ரீன்ஷாட் சோதனை இதைவிட எளிது. கோடு தெரியும்போது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, போனுக்கு அனுப்பி அங்கே திறந்து பாருங்கள். படத்திலும் கோடோ கட்டங்களோ இருந்தால் பேனலுக்கும் கேபிளுக்கும் சம்பந்தமில்லை. படம் உருவாகும் இடத்திலேயே தவறு. படம் சுத்தமாக இருந்தால் பேனல், கேபிள் பக்கம் சந்தேகம் கூடும். ஆனால் சிப்பை முழுமையாக விடுவித்துவிட முடியாது, சிப்பிலிருந்து படம் வெளியேறும் பகுதி கெட்டாலும் இப்படித்தான் தெரியும்.

ஆன் செய்தவுடன் வரும் கம்பெனி லோகோவையும் பயாஸ் திரையையும் கவனியுங்கள். அங்கேயே கோடு இருந்தால் விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை, ஆகவே டிரைவர் காரணமாக இருக்க முடியாது. டெல் லேப்டாப்பாக இருந்தால் டி (D) கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்துங்கள். திரை வெவ்வேறு நிறங்களாக மாறி மாறிக் காட்டும். அந்த நிறங்களிலேயே கோடு விழுந்தால் பேனலைச் சந்தேகியுங்கள்.

ராமைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிராசஸரோடு வரும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, அது ராமைத்தான் பயன்படுத்துகிறது. ராம் கெட்டால் திரையில் வண்ணப் புள்ளிகளும் கட்டங்களும் வரும், பார்க்கச் சிப் கெட்டது போலவே இருக்கும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள், பிறகு மற்றொன்றை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை யூஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் முதலில் ராமை மாற்றுங்கள்.

கடைசியாக, ஒரு லினக்ஸ் லைவ் யூஎஸ்பி. இன்ஸ்டால் செய்ய வேண்டாம், அதிலிருந்து பூட் செய்து ஒரு மணி நேரம் வீடியோ பாருங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி கோளாறு வந்தால் அது ஹார்ட்வேர்தான்.

விண்டோஸ் விட்டுச்செல்லும் தடயங்களையும் பாருங்கள். நடந்த கோளாறுகளை விண்டோஸ் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு பதிவுகள் இருந்தால், சிப் பதில் சொல்லாமல் நின்று விண்டோஸ் டிரைவரை மறுபடி தொடங்கியிருக்கிறது என்று பொருள். சாதாரணமாக இரண்டு வினாடிதான் காத்திருக்கும். அப்படித் தொடங்கவும் முடியாமல் போகும்போதுதான் 116 என்ற எண்ணோடு நீலத் திரை வரும். டிவைஸ் மேனேஜரில் சிப்பின் பெயர் அருகே மஞ்சள் முக்கோணமும் 'கோட் 43' என்ற செய்தியும் இருந்தாலும் அதே சந்தேகம்தான். ஆனால் இவை எதுவும் தீர்ப்பு இல்லை. கெட்ட டிரைவரும் இவற்றை உண்டாக்கும்.

4. டிரைவர்

ஒரு மணி நேர வேலை. டிடியூ என்று அழைக்கப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை இறக்கி, சேஃப் மோடில் போய், பழைய டிரைவரை வேரோடு எடுத்துவிடுங்கள். இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் தானாகவே ஒரு டிரைவரைப் போட்டுவிடும். பிறகு, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று கொடுத்திருக்கும் டிரைவரை (முன்பே இறக்கி வைத்துக்கொண்டு) போடுங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. மிகப் பழைய சிப்களுக்குப் புது டிரைவர் வருவதே நின்றுவிட்டது. என்விடியாவின் ஃபெர்மி வகைச் சிப்களுக்கு விண்டோஸில் 391.35 என்ற டிரைவர்தான் கடைசி.

திரை உறைந்துபோனால் உடனே பவர் பட்டனை அழுத்திக் கொல்லாதீர்கள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் மறுபடி தொடங்கும், திறந்திருந்த கோப்பைச் சேமிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

5. சூடு

ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒரு மென்பொருளில் சிப்பின் வெப்பத்தைப் பாருங்கள். வேலை கொடுக்கும்போது 90 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்த பிறகே கை வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, புதிதாகச் சிறிதளவு வைக்க வேண்டும். ஒரு பொறி இருக்கிறது: சிப்பைச் சுற்றியுள்ள நினைவகச் சிப்களின் மேல் பேஸ்டுக்குப் பதில் மெத்து மெத்தென்று தெர்மல் பேட் இருக்கும். அது கிழிந்துபோனால் அதே தடிமனில் வேறு பேட்தான் வைக்க வேண்டும். பேஸ்ட் அந்த இடைவெளியை நிரப்பாது. தடிமன் அதிகமான பேட் வைத்தால், சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது. அரை மில்லிமீட்டர் வித்தியாசமே கெடுத்துவிடும்.

இதைச் செய்த பிறகும் கோளாறு அப்படியே இருந்தால் சிப் போய்க்கொண்டிருக்கிறது. சரி, இனி முடிவு எடுக்கும் கட்டம்.

6. சிப்பை அணைத்துவிட்டு ஓட்டுவது

நான் சொல்ல வந்ததே இதுதான். உங்கள் லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கிறதா என்று டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' திறந்து பாருங்கள். இன்டெல் ஒன்று, என்விடியா அல்லது ஏஎம்டி ஒன்று என்று இரண்டு பெயர் இருந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. கெட்ட தனி சிப்பை நிறுத்திவிட்டு, பிராசஸரோடு வந்த கிராபிக்ஸில் ஓட்டலாம். எழுத்து வேலை, இணையம், வீடியோ, கணக்கு எல்லாவற்றுக்கும் அது போதும். பெரிய கேம்களும் கனமான வீடியோ எடிட்டிங்கும் மட்டும்தான் போகும்.

முதலில் பயாஸில் தேடுங்கள். சில மாடல்களில் தனி சிப்பை நிறுத்த ஒரு தெரிவு இருக்கும். அது இருந்தால் அதுவே சிறந்தது. அதை மாற்றுவதற்கு முன் விண்டோஸில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். பயாஸில் இல்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்தப் பெயரின் மேல் வலது கிளிக் செய்து 'டிசேபிள் டிவைஸ்' கொடுங்கள். இதில் ஒரு குறை உண்டு: டிரைவர் நின்றுவிடுவதால் சில லேப்டாப்களில் சிப் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். அப்புறம், முன்பு சொன்னபடி ஹெச்டிஎம்ஐ தனி சிப்போடு இணைந்திருந்தால் வெளி மானிட்டர் வேலை செய்யாது. யூஎஸ்பி வழியாகவே மானிட்டருக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டர் வைத்து அதைச் சமாளிக்கலாம்.

எல்லோருக்கும் இந்த வழி திறக்காது. 2009-ல் வந்த முதல் தலைமுறை நாலு கோர் ஐ7 பிராசஸர்களில் உள் கிராபிக்ஸே கிடையாது. இன்னும் சில கேமிங் லேப்டாப்களில் பிராசஸரில் கிராபிக்ஸ் இருந்தும் திரை நேராகத் தனி சிப்போடு மட்டும் இணைக்கப்பட்டிருக்கும். இவற்றில் தனி சிப்பை நிறுத்தினால் ஒழுங்கான டிரைவர் இல்லாத மங்கல் திரைதான் மிஞ்சும். அப்படிப்பட்டவர்கள் பிரவுசரில் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனை (பிரவுசர் கிராபிக்ஸ் சிப்பிடம் வேலை கொடுக்கும் வசதி) நிறுத்துவது, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் சிப்பின் வேகத்தைக் குறைப்பது என்று சுமையைக் குறைத்து நாட்களை நீட்டலாம். நிரந்தரம் இல்லை, ஆனால் அடுத்த லேப்டாப்புக்குப் பணம் சேர்க்க நேரம் கிடைக்கும்.

7. கடைக்குப் போவதென்றால் மூன்று வார்த்தைகளைத் தெரிந்துகொண்டு போங்கள்

ரீஃப்ளோ என்றால் சிப்பை எடுக்காமல் அப்படியே சூடேற்றுவது. ரீபால் என்றால் சிப்பைக் கழற்றி, அடியில் உள்ள சால்டர் உருண்டைகளைப் புதிதாக வைத்து, அதே பழைய சிப்பை மறுபடி ஒட்டுவது. சிப் மாற்றுவது என்றால் வேறு சிப்பையே வைப்பது. கடையில் மூன்றையும் 'சிப் வேலை' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

ரீஃப்ளோ ஏன் நிலைக்காது என்றால், விரிசல் பல நேரம் வெளியே உள்ள பெரிய உருண்டைகளில் இருப்பதில்லை. சிப்புக்குள்ளே, சிலிக்கான் துண்டுக்கும் அதைத் தாங்கும் பச்சைப் பலகைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சின்னப் புடைப்புகள் இருக்கின்றன. அவற்றில்தான் உடைகிறது. சூடு பட்டதும் அவை விரிந்து தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு தினமும் சூடாகி, குளிர்ந்து, மறுபடியும் விலகும். இந்தக் காரணத்தால் ரீபாலும் பல சமயம் வீண், கெட்டது உள்ளே இருக்க வெளியே மட்டும் புதுசு பண்ணுகிறோம். உள்ளே விரிசல் என்றால் சிப் மாற்றுவது ஒன்றே உண்மையான வேலை, அதுவும் பயன்படுத்தாத புதுச் சிப்பாக இருந்தால்.

வீட்டு அடுப்பில் போர்டை வைத்துச் சூடாக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஈயம் கலக்காத சால்டர் உருக ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டுக்குள் பிளாஸ்டிக் கனெக்டர்கள் வளையும், கெப்பாசிட்டர்கள் வெடிக்கலாம், அதிலிருந்து வரும் புகை நீங்கள் சமைக்கும் அடுப்பிலேயே படியும்.

கொடுப்பதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் வேலைக்கு அவர்களுக்கு அது தேவையில்லை. சீரியல் எண்ணையும் நாலு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். வாங்கிய பில்லின் நகலைக் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். கடையில் தரும் ஜாப் ஷீட்டில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: மூன்றில் எந்த வேலை, புதுச் சிப்பா பழைய சிப்பா, எத்தனை நாள் உத்தரவாதம், மறுபடி கெட்டால் பணம் திரும்புமா அல்லது மறுபடி அதே சூடுதானா, சரி செய்ய முடியாவிட்டால் சோதனைக் கட்டணம் எவ்வளவு. என்னிடம் இருந்த தாளில் 'டிஸ்ப்ளே பிராப்ளம் சரி செய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தது. அதை வைத்து ஒன்றும் கேட்க முடியவில்லை. உத்தரவாதம் ஒரு மாதம் என்றால் யோசியுங்கள், சூடுபடுத்திய சிப் பெரும்பாலும் அதைக் கொஞ்சம் தாண்டித்தான் சாகும்.

8. செலவுக் கணக்கு

நான் வைத்துக்கொண்ட அளவுகோல்: உங்களுடைய அதே மாடல், நல்ல நிலையில், செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். பழுதுபார்க்கும் செலவு அதில் பாதியைத் தாண்டினால் வேண்டாம். லேப்டாப் வாங்கிய விலையோடு ஒப்பிடாதீர்கள், அந்தப் பணம் எப்போதோ போய்விட்டது.

போர்டையே மாற்றலாம் என்பார்கள். பழைய மாடலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேறு லேப்டாப்பிலிருந்து எடுத்த போர்டு. அதிலும் அதே வயதான அதே சிப்தான் இருக்கும். தனி கிராபிக்ஸ் இல்லாத வகைப் போர்டு உங்கள் மாடலுக்கு உண்டா என்று கேளுங்கள். பல மாடல்கள் இரண்டு வகையாகவும் விற்கப்பட்டிருக்கின்றன, தனி சிப் இல்லாததுதான் நீடிக்கும். ஹீட் சிங்க்கும் கூடவே மாற வேண்டியிருக்கலாம். சில பழைய கேமிங், வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்களில் எம்எக்ஸ்எம் என்ற கழற்றக்கூடிய கார்டு இருக்கும். அதிர்ஷ்டம்தான், ஆனால் உங்கள் பயாஸும் ஹீட் சிங்க்கும் ஏற்கும் கார்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். வெளியே வைக்கும் கிராபிக்ஸ் பெட்டியைப் பழைய லேப்டாப்புக்கு நான் சொல்ல மாட்டேன். தண்டர்போல்ட் துளை இருக்க வேண்டும், பெட்டி, கார்டு, பவர் சப்ளை எல்லாம் சேர்ந்தால் லேப்டாப்பின் இன்றைய மதிப்பைத் தாண்டிவிடும்.

ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதற்கு முன், உங்கள் மாடலுக்குக் கம்பெனி இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்திருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே வகைச் சிப் நிறைய பேருக்குக் கெட்டால் வாரண்டி முடிந்த பிறகும் அப்படி அறிவிப்பதுண்டு. 2011 மேக்புக் ப்ரோவில் கிராபிக்ஸ் கெட்டவர்களுக்கு ஆப்பிள் 2015 பிப்ரவரியில் அப்படி ஒரு திட்டம் தொடங்கியது. ஏற்கெனவே காசு கொடுத்துச் சரிசெய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பியும் தந்தது. 2016 இறுதியோடு அது முடிந்துவிட்டது. இவற்றுக்குக் கெடு உண்டு, சீரியல் எண்ணும் பழைய பில்லும் கேட்பார்கள். அதனால் செய்த ஒவ்வொரு வேலையின் ரசீதையும் எறியாமல் வையுங்கள்.

9. எவ்வளவு நாள் ஆகும்

பேக்கப்புக்கு அரை நாள், சோதனைகளுக்கு ஒரு நாளும் ஓர் இரவும், டிரைவருக்கு ஒரு மணி நேரம், சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம். அதாவது ஒரு வார இறுதிக்குள் உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். சிப்பை நிறுத்துவது பத்து நிமிடம். நிறுத்திய பிறகு இரண்டு வாரம் தினமும் ஓட்டிப் பாருங்கள், கோடு வரவில்லை என்றால்தான் கணக்கை முடியுங்கள். கடையில் சிப் மாற்ற வேண்டுமென்றால் சிப் வந்து சேரும் வரை லேப்டாப்பைக் கையிலேயே வைத்திருங்கள். முன்கூட்டிக் கொடுத்துவிட்டு என்னுடையது மூன்று வாரம் ஷெல்ஃபில் கிடந்தது.

எதுவும் முடியாமல் திரை முழுதும் போய்விட்டாலும் மீதி லேப்டாப் உயிரோடு இருக்கலாம். ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, வைஃபையில் இணைகிறது என்றால் தூரத்திலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பையோ எஸ்எஸ்ஹெச்-ஐயோ முன்கூட்டியே ஆன் செய்து வைத்திருந்தவர்கள் வேறு கம்ப்யூட்டரிலிருந்து அதற்குள் நுழையலாம். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் ப்ரோ பதிப்பில்தான் உள்ளே வர விடும், ஹோம் பதிப்பில் வேறு மென்பொருள் வேண்டும். வீட்டுக் கோப்புகளைச் சேமிக்கும் இயந்திரமாக இப்படி வருடக்கணக்கில் ஓட்டலாம். ஒரு மூலையில் எப்போதும் சார்ஜரிலேயே இருக்கப் போகிறது என்றால், பேட்டரி இல்லாமல் ஆன் ஆகிறதா என்று பாருங்கள், ஆகிறது என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.